கடலூர்ச் சாலைக்கு யார் யார் பணம் கொடுக்கிறார்கள்?

கடலூர் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: "எங்கள் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய் மாற்றவும் உள்ளாட்சிதான் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள் சாலைக்காரர்கள். உள்ளாட்சியில் கேட்டால், அது நெடுஞ்சாலை வேலை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். மத்திய அரசு எவ்வளவு, மாநிலம் எவ்வளவு, உள்ளாட்சி எவ்வளவு என்று விதி இருக்கிறதா? முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் கணக்கே வேறு என்கிறார்களே, ஏன்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலையைப் போடும் செலவில் உங்கள் உள்ளாட்சிக்குப் பங்கு கிடையாது. குழாய், வடிகால் விஷயத்தில் இரண்டு தரப்பும் சொல்வதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வேலை இழுப்பதே அதனால்தான். சாலை வேலைகளுக்கு எஸ்டிமேட் போடும் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். தாருக்கும் ஜல்லிக்குமான பெரிய தொகை கிடைக்காமல் வேலை நின்றதை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். மின்கம்பம் நகர்த்துவது, குழாய் மாற்றுவது, வடிகாலை ஆற்றுவரை கொண்டுபோய் விடுவது, ஓரத்தில் நாலைந்து பேரின் நிலத்துக்கு இழப்பீடு கொடுப்பது என்று சின்னச் சின்னத் தொகைகள் உண்டு. அவற்றை யார் ஏற்பது என்று முடிவாகாமல்தான் பெரிய வேலை கிடப்பில் விழுகிறது. அதனால் பெரிய பங்குகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு இந்தச் சின்னப் பங்குகளுக்கு வருகிறேன்.

பணம் யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் சாலை யாருடையது என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலை. அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 23-வது இனம் தேசிய நெடுஞ்சாலைகளை மத்திய அரசிடம் கொடுக்கிறது. மற்ற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலின் 13-வது இனத்தில் வருகின்றன. பிறகு சேர்ந்த 11, 12-வது அட்டவணைகள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் சாலையையும் பாலத்தையும் பொறுப்பாக எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பொறுப்போடு எவ்வளவு பணம் போக வேண்டும் என்பதை மாநிலம்தான் முடிவு செய்கிறது.

கடலூரில் எல்லா வகையும் இருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகத் தெற்கே போவது தேசிய நெடுஞ்சாலை 32. விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் போவது 532. நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாகச் சித்தூர் வரை போவது மாநில நெடுஞ்சாலை 9. இவற்றுக்குக் கீழே மாவட்ட முக்கியச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும் உண்டு. இவையும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில்தான் இருக்கின்றன. அதற்கும் கீழே இருப்பவைதான் ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை, மாநகராட்சித் தெரு. கடலூர் 1866-ல் நகராட்சியாகி 2021-ல் மாநகராட்சியானது. பெயர் மாறியதால் நகருக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலை மாநகராட்சியின் சொத்தாகிவிடவில்லை.

தேசிய நெடுஞ்சாலை என்றால் கட்டுமானச் செலவு முழுக்க மத்திய அரசுடையது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, பூண்டியாங்குப்பம், சட்டநாதபுரம் வழியாக நாகப்பட்டினம் வரை நாலு பகுதியாகப் பிரித்துப் போட்ட நான்குவழிச் சாலை இந்த வகைதான். அதில் ஒப்பந்ததாரருக்கு 40 சதவீதம் கட்டும்போதே தரப்படும். மீதி 60 சதவீதம் சாலை முடிந்தபின் 15 வருஷத் தவணையில் போகும். அந்தத் தவணைக்காலம் முழுக்கப் பராமரிப்பும் அவர் பொறுப்பு. மாநிலம் ஒரு ரூபாயும் போடவில்லையே, சும்மா கிடைத்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். நிலம் எடுக்கும் வருவாய் அலுவலர்களும் தாசில்தார்களும் மாநில ஊழியர்கள். நிரப்பும் கிராவலும் மண்ணும் மாநிலம் அனுமதி தர வேண்டியவை. இவை தாமதமானால் சாலையும் தாமதமாகும்.

நில விலை ஏறிப்போன இடங்களில் மத்திய அரசு மாநிலத்திடமே பங்கு கேட்கிறது. கேரளத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்த, நிலச் செலவில் 25 சதவீதத்தை அந்த மாநிலம் ஏற்றது. அது மட்டும் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் போனது. மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தில் நகரங்களுக்கு வட்டச்சாலை கேட்டால் நிலச் செலவில் பாதியை மாநிலம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. பணமாகத் தர முடியாதபோது கனிம உரிமத் தொகையையும் மாநிலத்துக்கு வர வேண்டிய ஜிஎஸ்டியையும் விட்டுக்கொடுப்பது இன்னொரு வழி. அதுவும் மாநிலத்தின் பங்குதான், பட்ஜெட்டில் தனிச் செலவாகத் தெரியாது, அவ்வளவே.

மாநில நெடுஞ்சாலைக்கு வழி பல. 2005-06-லிருந்து நடக்கும் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் முழுக்க மாநிலத்தின் பணம். கடலூர்–மடப்பட்டு சாலை போன்ற பெரிய வேலைகள் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு, சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டத்தில் வருகின்றன. கடன் என்பதால் அதையும் கடைசியில் மாநிலம்தான் அடைக்கும். கிராமத்துச் சாலைக்கும் பாலத்துக்கும் நபார்டு வங்கி 1995-96-லிருந்து கடன் தருகிறது. நம் பக்கம் செலவில் 80 சதவீதம் வரை கடன், மீதி மாநிலத்தின் கைப்பணம்.

இன்னொன்று மத்தியச் சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி. நீங்கள் வண்டிக்குப் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் டீசலிலும் செஸ், அதாவது குறிப்பிட்ட செலவுக்கென்றே வாங்கும் வரி இருக்கிறதல்லவா, அதிலிருந்து வருவது. 2000-ல் சட்டமாகி 2018-ல் பெயரும் பரப்பும் விரிந்தது. செஸ் என்பதால் மற்ற மத்திய வரிகளைப் போல நிதிக்குழு வழியாக மாநிலங்களுக்குப் பங்கு வராது. சாலைக்கென்று வைத்திருக்கும் பகுதி மட்டும் மாநிலத்தின் பரப்பையும் எரிபொருள் விற்பனையையும் கணக்கிட்டு ஒதுக்கப்படுகிறது. இதிலேயே இரண்டு தனிப் பிரிவுகள் உண்டு. இரண்டு மாநிலங்களை இணைக்கும் சாலை என்றால் முழுச் செலவும் மத்திய நிதியிலிருந்து வரலாம். தொழில், வணிக முக்கியத்துவம் உள்ள சாலை என்றால் பாதி மத்தியம், பாதி மாநிலம். இந்த முதல் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முள்ளோடைக்கு வரும்போது தேவைப்படும்.

கிராமச் சாலையில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது முழுச் செலவும் மத்திய அரசுடையது. 2015-16-லிருந்து 60 சதவீதம் மத்தியம், 40 சதவீதம் மாநிலம் என்றாகிவிட்டது. சாலை போட்டபின் ஒப்பந்தப்படி நடக்க வேண்டிய 5 வருஷப் பராமரிப்புக்கு மத்திய அரசு ஒன்றும் தராது, அது முழுக்க மாநிலத்தின் தலையில். பலகையில் 60, 40 என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. 10 வருஷத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாநிலத்தின் பங்கு 40-ஐத் தாண்டிவிடும்.

இனி உங்கள் ஊர்க் குழாய்க்கு வருகிறேன்.

நெடுஞ்சாலை நிலத்துக்குள் குடிநீர்க் குழாயோ பாதாளச் சாக்கடையோ பதிக்க உள்ளாட்சி அனுமதி வாங்குகிறது. அந்த அனுமதிக் கடிதத்தில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும்: சாலை மேம்பாட்டுக்குத் தேவைப்பட்டால் சொந்தச் செலவில் அகற்றித் தர வேண்டும். சாலைக்காரர்கள் கையில் வைத்துக்கொண்டு பேசுவது இந்த வரியைத்தான். சட்டப்படி அவர்கள் பேச்சு சரி. ஆனால் பெரிய அகலப்படுத்தும் திட்டத்துக்கு எஸ்டிமேட் போடும்போதே கம்பம், குழாய் மாற்றத்துக்கென்று தனியாக ஒரு தொகை வைக்கிற வழக்கமும் இருக்கிறது. திட்டத்தில் அந்தத் தொகை இருக்கிறது என்று உள்ளாட்சி சொன்னால் அதுவும் சரியே.

அப்படியானால் எது நடக்கும்? எஸ்டிமேட்டில் அந்தத் தொகை இருக்கிறதா, இருந்தால் எந்தக் குழாய், எத்தனை மீட்டர் என்பதைப் பொறுத்தது. இருந்ததை இருந்த அளவிலேயே மாற்றிக் கொடுப்பது திட்டத்தின் செலவு. 100 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு, இதுதான் சமயம் என்று 200 மில்லிமீட்டர் போடச் சொன்னால் கூடுதல் செலவு உள்ளாட்சியுடையது. நியாயமான விதி இது. சிக்கல் எங்கே என்றால், எஸ்டிமேட் போடும்போது மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்ற வரைபடம் பல ஊர்களில் கிடையாது. பழைய குழாய் எங்கே ஓடுகிறது என்பது அந்தத் தெருவில் வால்வு திறக்கும் ஊழியருக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்க்காமல் போடும் எஸ்டிமேட்டில் பாதிக் குழாய் விடுபட்டுப் போகும். ஜேசிபி தோண்டும்போது குழாய் உடையும், ஊருக்குத் தண்ணீர் நிற்கும், அப்போதுதான் செலவு யாருடையது என்ற சண்டை தொடங்கும். திருத்திய எஸ்டிமேட், மறுபடி நிர்வாக ஒப்புதல், அதற்கொரு அரசாணை என்று மாதங்கள் ஓடிவிடும்.

மின்கம்பம் இதைவிட எளிது. மின்வாரியம் எஸ்டிமேட் கொடுக்கும், சாலைத் துறை பணத்தைக் கட்டும், வாரியம் நகர்த்தும். டெபாசிட் வேலை என்று சொல்வார்கள். பணம் கட்டும் வரை வாரியம் கம்பத்தில் கைவைக்காது. கட்டிய பிறகும் கம்பி, டிரான்ஸ்பார்மர் வர வேண்டும். தார் போட்டு முடித்த சாலையின் நடுவில் கம்பம் நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்தப் பணம் கட்டுவதும் வேலை நடப்பதும் முன்பின்னாகிப் போனதன் விளைவு அது. இரவில் வண்டி ஓட்டுகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால், கம்பம் நகராமல் அந்த இடத்தில் தார் போடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்துக் கேட்பதில் தவறே இல்லை என்பது என் திடமான கருத்து.

நேர்மாறாக, உள்ளாட்சி தன் குழாய்க்காக நெடுஞ்சாலையை வெட்ட வேண்டுமானால் வெட்டிய சாலையைச் சீர்செய்யும் செலவை முன்கூட்டியே நெடுஞ்சாலைத் துறைக்குக் கட்ட வேண்டும். பாதாளச் சாக்கடைத் திட்டம் நடந்த ஊர்களில் இந்தத் தொகை பெரிய பாரம். ஒரே சாலையில் இந்த வருஷம் அகலப்படுத்தி அடுத்த வருஷம் சாக்கடைக்கு வெட்டினால், அதே மீட்டருக்குப் பொதுப்பணம் இரண்டு தடவை போகிறது. இரண்டு திட்டத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் இருந்தாலே இது தவிர்ந்துவிடும்.

வடிகால்தான் கடலூருக்கு உயிரான விஷயம். தானே புயல் 2011-லும், பெருவெள்ளம் 2015-லும், ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை வெள்ளம் 2024-லும் நமக்குக் காட்டியது அதைத்தான். மேற்கேயிருந்து வரும் தண்ணீர் கெடிலம், பெண்ணையாறு, பரவனாறு வழியாக இங்கேதான் கடலில் சேர வேண்டும். சாலைக்கு வைக்கும் எஸ்டிமேட்டில் குடியிருப்புப் பகுதிகளில் இருபுறமும் கான்கிரீட் வடிகால் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அது சாலையைக் காப்பாற்றும் வடிகால். சாலை எல்லை முடிகிற இடத்தில் அதுவும் முடிந்துவிடும். அங்கிருந்து கெடிலத்துக்கோ ஏரிக்கோ போகும் வாய்க்கால் உள்ளாட்சியின் பொறுப்பு, அல்லது நீர்வளத் துறையின் பொறுப்பு. சாலை உயர்ந்து, வடிகால் புதிதாகி, வாய்க்கால் மட்டும் பழையபடி தூர்ந்து கிடந்தால் தண்ணீர் சாலையில் நிற்காது; பக்கத்து வீடுகளுக்குள் போகும். உள்ளாட்சியின் பங்கு என்று எதையாவது நான் வலியுறுத்துவேன் என்றால் அது இந்த வாய்க்கால்தான். மொத்தச் செலவில் சிறு பகுதி. ஆனால் அதற்கு மட்டும் பட்ஜெட்டில் தலைப்பும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை.

உள்ளாட்சியிடம் பணம் எங்கே என்ற கேள்வி உடனே வரும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதிக்குழுப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் போகிறது. சம்பளம், மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம் போனபின் மிச்சம் குறைவு. தெருவிளக்கு இதற்கு நல்ல உதாரணம். சாலைத் திட்டத்தில் விளக்கைப் பொருத்திவிடுவார்கள், மாதாமாதம் மின்கட்டணத்தைப் பெரும்பாலும் உள்ளாட்சி கட்டச் சொல்வார்கள். அந்தச் செலவு எந்தப் பங்கீட்டுக் கடிதத்திலும் முன்கூட்டியே எழுதப்படுவதில்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. ஒரு தெருவுக்கும் சிறுபாலத்துக்கும் இவை உதவும், நெடுஞ்சாலைக்குப் போதாது.

பொதுமக்களும் பணம் போட வேண்டுமா என்று சிலருக்குக் குழப்பம் இருக்கிறது. அது நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் தொடங்கி 2021-ல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஊரகப் பகுதியில் வேலை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் தெருவுக்கு நீங்கள் விரும்பிக் கேட்டால்தான் அது. நெடுஞ்சாலை அகலப்படுத்த யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

நெய்வேலி பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு என்எல்சி கட்டும் உரிமத் தொகையோடு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு போகிறது. விதிகளின்படி குடிநீர், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்குக் குறைந்தது 70 சதவீதம் (2024-க்கு முன் 60) போக, மீதியில் சாலை, பாலமும் எடுக்கலாம். சுரங்க லாரிகளால் உடைந்த சாலைக்கு இந்த நிதியைக் கேட்பது முற்றிலும் நியாயம். கடலூர் மாவட்ட ஊராட்சிகள் இதை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

ரயில்வே கேட் இருக்கும் இடத்தில் மட்டும் பழைய, தெளிவான ஒரு விகிதம் உண்டு. ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வண்டிகளைக் கணக்கிடும் வாகன அலகுகளால் பெருக்கி வருவது 1 லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலமோ சுரங்கப்பாலமோ பாதிப் பாதிச் செலவில் கட்டலாம். பாதி ரயில்வே, பாதி மாநிலம். தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும், இருபுறச் சாய்தளங்களை நெடுஞ்சாலைத் துறை கட்டும், நிலம் எடுப்பது மாநிலத்தின் வேலை. நடுப்பகுதி மட்டும் கட்டி முடித்து, இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லாமல் வருஷக்கணக்கில் நிற்கும் பாலங்களின் காரணம் இந்தப் பிரிவினையில் இருக்கிறது. ரயில்வே நிலம் ரயில்வேயிடமே இருக்கிறது. சாய்தளத்துக்கு வீட்டையும் கடையையும் எடுக்க வேண்டும். சுரங்கப்பாலம் என்றால் இன்னொன்றையும் முதல் நாளே எழுதி வாங்க வேண்டும்: மழையில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் யாருடையது, அதன் மின்கட்டணம் யாருடையது. கடலூர் மாதிரி நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஊரில் இது மறக்கக்கூடாத செலவு.

இப்போது முள்ளோடை. புதுச்சேரி சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம். மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப்பங்கில் அதற்கு இடமில்லை. உள்துறை அமைச்சகம் வழியாக மானியம்தான் வருகிறது. நெடுஞ்சாலைக்கென்று தனித் துறையும் இல்லை, பொதுப்பணித் துறையே எல்லாச் சாலையையும் பார்க்கிறது. உள்ளாட்சியின் பங்கு என்று பேசவே அங்கே ஆள் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துகள் எனப்படும் ஊரக உள்ளாட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் 2006-க்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். பாகூரில் ஒரு வடிகாலுக்கு யார் பணம் என்று விவாதிக்கத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. சண்டை குறைவு, உண்மைதான். கூடவே கேள்வியும் குறைந்துவிட்டது.

பெட்ரோல் விலை குறைவு என்று கடலூர் வண்டிகள் எல்லை தாண்டிப் போய் நிரப்புகின்றன. அந்த வாட் வரி புதுச்சேரிக்குப் போகிறது, வண்டி தேய்ப்பதோ பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சாலையை. மத்தியச் சாலை நிதியின் ஒதுக்கீட்டிலும் எரிபொருள் விற்பனை ஓர் அளவுகோல். ஆனால் பரப்பும் அளவுகோல் என்பதால், நாலு துண்டுகளையும் சேர்த்தே 500 சதுர கிலோமீட்டரை எட்டாத புதுச்சேரிக்கு அதில் பெரிய தொகை வர வழியில்லை.

எல்லையும் நேர்கோடு இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் சாலை தமிழ்நாட்டுக்குள் போய், புதுச்சேரிக்குள் வந்து, திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் போகும். ஒரு பக்கம் புதுத் தார், அடுத்த கிலோமீட்டரில் பள்ளம் என்று இருப்பதற்குக் காரணம் இரண்டு அரசுகளின் திட்டமும் ஒரே வருஷத்தில் ஒன்று சேராததுதான். மேலே சொன்ன மாநிலங்களை இணைக்கும் சாலைப் பிரிவு இப்படிப்பட்ட சாலைக்கு நன்றாகப் பொருந்தும். முழுச் செலவும் மத்திய நிதியிலிருந்து கேட்கலாம் என்பதால் பங்குச் சண்டையே எழாது. ஆனால் இரண்டு பக்கமும் முன்மொழிவு போக வேண்டும். கடலூர் நாடாளுமன்ற உறுப்பினரும் புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கேட்கக்கூடிய விஷயம் இது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். "சாலை எப்போது முடியும்" என்று கேட்காதீர்கள், அதற்கு "விரைவில்" என்றுதான் பதில் வரும். நிர்வாக ஒப்புதல் தந்த அரசாணையின் நகலைக் கேளுங்கள். எஸ்டிமேட்டின் சுருக்கப் பக்கத்தைக் கேளுங்கள், அதில்தான் குழாய், கம்பம், வடிகால், நிலம் ஒவ்வொன்றுக்கும் தொகையோடு தனித்தனி வரி எழுதியிருக்கும். மின்வாரியத்துக்குக் கட்டிய டெபாசிட் ரசீதின் தேதி, குழாய் மாற்றம் பற்றி உள்ளாட்சியோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகலும் கேளுங்கள். பதில் வர 30 நாள். அந்தச் சுருக்கப் பக்கத்தில் குழாய்க்கான வரி இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் காட்டி வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், டெண்டர் விடுவதற்கு முன்பே அதைச் சேர்க்கச் சொல்லி, வால்வு ஊழியரைக் கூட்டிக்கொண்டு இரண்டு அலுவலகத்தாரும் சேர்ந்து தெருவில் நடந்து பார்க்க வேண்டும் என்று கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். டெண்டர் போய்விட்டால் அதே வரியைச் சேர்க்கத் திருத்திய எஸ்டிமேட்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.